வட்டுக்கோட்டை ஊர் கைவிடாத பள்ளி

அவையோருக்கு வணக்கம்.

பள்ளி வரலாறு பேச வருகிறவர்கள் அதைக் கட்டியவர்களின் பெயரில் தொடங்குவார்கள். நானும் சொல்லிவிடுகிறேன்: அமெரிக்க மிஷன் பாதிரிமார் யாழ்ப்பாணம் வந்தது 1816-இல். அங்குள்ள வட்டுக்கோட்டையில் செமினறி என்ற உயர்கல்விப் பள்ளி தொடங்கியது 1823-இல். முதல் அதிபர் டானியல் பூவர். இனி, பிள்ளைகளை அனுப்பிய ஊரைப் பற்றிப் பேசவிடுங்கள்.

அந்த ஊர் எளிதில் வளைகிற ஊர் அல்ல. மிஷன் விடுதிகளின் தொடக்க நாட்களில் சைவப் பிள்ளைகள் பாதிரிமாரின் வளவுக்குள் வாய் நனைக்க மறுத்தார்கள். சமையல் குசினியை வளவுக்கு வெளியே வைக்க வேண்டியதாயிற்று. பாடத்தைக் கேட்போம், ஆசாரத்தை விடமாட்டோம் என்பதுதான் அதன் பொருள். பாதிரிமாரும் இணங்கினார்கள்.

1829-இல் ஒரு சந்திர கிரகணம் வந்தது. உள்ளூர்ப் பஞ்சாங்கம் ஒரு நேரத்தைக் குறித்தது. பூவர் வேறொரு நேரத்தைக் கணித்தார். அன்றிரவு பூவரின் கணக்கே பொருந்தியது. மேலைக் கல்வியின் வெற்றியாகவே இதை எழுதிவைத்திருக்கிறார்கள். நான் அப்படி மட்டும் படிக்கமாட்டேன். கிரகணத்தைத் தலைமுறை தலைமுறையாகக் கணித்துப் பழகிய மண் அது. புதிய வானியலும் கணிதமும் அங்கே அவ்வளவு விரைவில் வேர்பிடித்ததற்கு அந்தப் பழக்கமும் ஒரு காரணம் என்றே நம்புகிறேன்.

படிப்பு உயர்தரமானது. ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றோடு ஒப்பிடத்தக்கது என்று இலங்கையில் பிரித்தானிய ஆட்சியின் குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் எழுதினார். தமிழும் ஆங்கிலமும் அருகருகே நடந்தன. ஆனால் அமெரிக்காவில் இருந்த தலைமைச் சபைக்கு மனக்குறை: ஆங்கிலம் படித்தவர்கள் திருச்சபை ஊழியத்துக்கு வராமல் அரசாங்க உத்தியோகத்துக்குப் போகிறார்களே என்று. அந்தச் சபையின் செயலாளர் ரூபஸ் அண்டர்சன் நேரில் வந்தார். 1855-இல் செமினறி மூடப்பட்டது.

இரண்டே ஆண்டுகள். 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகம் தன் முதல் பி.ஏ. தேர்வை நடத்தியது. தேறியவர்கள் இருவர்: சி. வை. தாமோதரம்பிள்ளை, கறோல் விசுவநாதபிள்ளை. இருவரும் அந்தச் செமினறியில் படித்தவர்கள்! பயனில்லை என்று பூட்டிய பள்ளிக்கு இதைவிட வேறு என்ன சாட்சி வேண்டும்?

சபை எதிர்பார்த்த வழியிலும் அவர்கள் போகவில்லை. இருவரும் பின்னாளில் சைவத்துக்கே திரும்பினார்கள். விசுவநாதபிள்ளை அட்சரகணிதத்தை, அதாவது இயற்கணிதத்தை, தமிழில் எழுதினார். தாமோதரம்பிள்ளையோ செல்லரித்த ஏடுகளைத் தேடி ஒப்புநோக்கி, 1887-இல் கலித்தொகையை அச்சில் தந்தார். கையில் எடுத்தாலே ஓரம் உதிர்கிற ஏட்டை வரி வரியாகப் படித்த அந்தப் பொறுமையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நெகிழ்கிறது. இன்னொரு மாணவர், ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை, தமிழ்ப் புலவர்களின் வரலாறுகளைத் தொகுத்துப் 'பாவலர் சரித்திர தீபகம்' ஆக்கினார். ஒருவர் சைவர், ஒருவர் கிறித்தவர். தமிழுக்குச் செய்த வேலையில் வேற்றுமை காண முடியவில்லை.

மூடிய பள்ளியை ஊர் மறக்கவில்லை. உயர்கல்வி மறுபடியும் வேண்டும் என்று பழைய மாணவர்களும் ஊராரும் விடாமல் கேட்டார்கள். பதினேழு ஆண்டுகள் கழிந்தன. 1872-இல், அதே வட்டுக்கோட்டையில், யாழ்ப்பாணக் கல்லூரி என்ற பெயரில் வகுப்புகள் தொடங்கின.