அன்பு நமக்கு, பொம்மை யாருக்கு உதவுமோ அவர்களுக்கு

நடுவர் அவர்களுக்கும், பாளையங்கோட்டையில் இவ்வளவு நேரம் பொறுமையாக உட்கார்ந்திருக்கும் உங்கள் எல்லாருக்கும் வணக்கம். சின்னப்பிள்ளையின் பிறந்தநாளுக்கு வந்த வேண்டாத பரிசை வீட்டிலேயே வைத்துக்கொள்வதா, கைமாற்றி விடுவதா என்பது தலைப்பு. கைமாற்றத்தான் வேண்டும் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தங்கச்சி, "செய்முறையாக வந்ததை வெளியே கொடுத்தால் சொந்தம் விட்டுப்போகும்" என்றார்கள். செய்முறையின் அருமை நமக்குத் தெரியாதா? நோட்டில் எழுதிவைத்து, அவர்கள் வீட்டு விசேஷத்துக்குக் கொஞ்சம் கூடப்போட்டுத் திருப்பிச் செய்கிற ஊர் இது. அந்த நோட்டில் யார் செய்தார்கள் என்று இருக்கும். பொம்மை எந்த பீரோ மேல் இருக்கிறது என்று இருக்காது. தாய்மாமன் போட்ட வெள்ளி அரைஞாணையும் கொலுசையும் நான் கொடுக்கச் சொல்லவில்லை. மற்றதைப் பற்றித்தான் பேசுகிறேன்.

இரண்டாவது பிறந்தநாள் முடிந்த வீட்டுக்குள் போய்ப் பாருங்கள். உறை பிரிக்காத கரடிப் பொம்மைகள். ஒரே மாதிரி இரண்டு ரயில். சித்திரை வெயிலில் போடவே முடியாத, கழுத்தில் ஜிகினா குத்துகிற வலைத்துணிக் கவுன். போட்டுவிட்டால் பிள்ளை கழுத்தைச் சொறிந்து சொறிந்து அழும். ஆனாலும் வாங்கிக் கொடுத்த அத்தை வருகிறாளே என்று மறுபடி மாட்டிவிடுவார்கள். அடுத்த வருஷம் பத்தாது. யாருக்காக இந்தப் பாடு?

அடுத்ததில் எனக்கு விட்டுக்கொடுக்க மனசே இல்லை. பாட்டுப் பாடும் மலிவான செல்போன் பொம்மை வருகிறதே, அதைத் திருப்பிப் பாருங்கள். பல பொம்மைகளில் பின்மூடிக்குத் திருகாணி இருக்காது, நகம் பட்டால் திறந்துகொள்ளும். உள்ளே சட்டைப் பொத்தான் அளவில் பளபளவென்று பேட்டரி. அது பிள்ளையின் உணவுக்குழாயில் சிக்கினால் 2 மணி நேரத்துக்குள்ளேயே உள்ளே அரித்துப் புண்ணாக்கிவிடும். 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளின் விளையாட்டுச் சாமானுக்கு ஐஎஸ்ஐ முத்திரை 2021 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் கட்டாயம். அது இல்லாததை, மூடி திறந்துகொள்வதை, அன்பின் பேரைச் சொல்லி வீட்டில் வைக்கலாமா? அதைக் கைமாற்றவும் கூடாது. நம்ம பிள்ளைக்கு ஆகாதது ஊரான் பிள்ளைக்கு மட்டும் ஆகுமா? பேட்டரியை முதலில் கழற்றிப் பத்திரப்படுத்திவிட்டு, பொம்மையை அன்றைக்கே ஒழித்துவிட வேண்டும்.

"வேறு தாளைச் சுற்றி அடுத்த வீட்டு விசேஷத்துக்குக் கொடுப்பீர்கள், அது ஏமாற்று" என்றும் எதிரணி சொன்னது. அது ஏமாற்றுதான், எங்களுக்கும் அதில் சம்மதமில்லை. கொடுப்பதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். 1975 முதல் நடக்கிற திட்டம் அங்கன்வாடி. 6 வயசு வரைக்குமான பிள்ளைகளுக்கானது. உங்கள் தெரு அங்கன்வாடி டீச்சரிடம் போய், என்ன தேவை என்று கேளுங்கள். உங்கள் வீட்டில் சும்மா கிடக்கும் இரண்டாவது ரயிலை அங்கே நாளெல்லாம் யாராவது ஒரு பிள்ளை ஓட்டிக்கொண்டிருக்கும்.

கைமாறுவது நமக்கு என்ன புதுசா? அம்பாசமுத்திரத்தில் கடைசல் பிடித்த மரச் சொப்பை நினைத்துப் பாருங்கள். குட்டி அம்மி, குட்டி உரல், குட்டிப் பானை. அக்காள் சோறு பொங்கி முடித்தபின் தங்கச்சி பொங்குவாள், அப்புறம் சித்தி பிள்ளைகள். கைபட்டுக் கைபட்டுச் சாயம் மங்கி மரம் வழுவழுவென்று ஆகியிருக்கும். முதலில் வாங்கித் தந்த ஆச்சி அதற்காகக் கோபித்துக்கொண்டாளா?

ஒன்றே ஒன்று. பிள்ளை தூங்கும்போது ஒளித்துக் கொண்டுபோகாதீர்கள். பேசத் தெரிந்த பிள்ளை என்றால் எதிரே வைத்து, "இதை அங்கன்வாடிப் பிள்ளைகளுக்குக் கொடுப்போமா?" என்று கேளுங்கள். மாட்டேன் என்று கட்டிப்பிடித்தால் விட்டுவிடுங்கள். பெரியவர்களுக்கு எப்படித் தெரிந்தாலும், அந்தப் பிள்ளைக்கு அது வேண்டாத பரிசு இல்லை.

அத்தை வந்து "நான் வாங்கின ரயில் எங்கே?" என்று கேட்டால், மறைக்காமல், "ஒண்ணு நம்ம பிள்ளைகிட்ட இருக்கு, இன்னொண்ணு அங்கன்வாடியில பத்துப் பிள்ளைக ஓட்டுது மதினி" என்று சொல்லுங்கள். அதைக் கேட்டு முறைத்துக்கொள்ளும் சொந்தம் நம்ம சீமையில் இருக்கிறதா என்று எதிரணி பதில் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.