ஆக்டிவேஷன் எரரா? முதலில் மணியைப் பாருங்கள்

வணக்கம் மக்களே, தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து பேசுகிறேன். இன்றைக்கு விண்டோஸ் ஆக்டிவேஷனில், அதாவது அதன் லைசன்ஸை உறுதிசெய்கிற வேலையில், நான் அரை நாள் முட்டாளான கதை.

2023, ஸ்டேஜ் 6 லோட் ஷெட்டிங், அதாவது முறைவைத்துச் செய்யும் கடுமையான மின்வெட்டு, நம்மை வறுத்தெடுத்த சமயம். சாட்ஸ்வொர்த் பக்கம் ஒரு கணக்கர் அலுவலகம், முப்பது சொச்சம் கம்ப்யூட்டர். அதில் ஆறு பழைய மெஷினுக்குப் புதிதாக விண்டோஸ் ஏற்றியிருந்தார்கள், அலுவலக கம்ப்யூட்டர்களை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் டொமைனில் சேர்க்கவில்லை, அலுவலகத்துக்குள்ளேயே விண்டோஸை ஆக்டிவேட் செய்து தரும் கேஎம்எஸ் சர்வரின் பெயரைக் கையால் கொடுத்திருந்தார்கள். ஆறும் ஆக்டிவேட் ஆகவில்லை. எரர் சி004எஃப்074, அதாவது கேஎம்எஸ் சர்வரைப் பிடிக்க முடியவில்லையாம்.

அந்த வாசகத்தை அப்படியே நம்பி கேஎம்எஸ் பேசுகிற 1688 போர்ட், ஃபயர்வால், கேபிள் என்று குடைந்தேன். ஒரு குறையும் இல்லை. மதியம் மட்டன் பன்னி சாவ் (குடைந்த பிரெட்டுக்குள் கறிக்குழம்பு ஊற்றித் தருவது) சாப்பிட்டுக்கொண்டே ஒரு திரையின் மூலையைப் பார்க்கிறேன், தேதி 2019!

சர்வருக்கும் மெஷினுக்கும் 4 மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தாலும் இதே எரர்தான் வரும், மணி தப்பு என்று அது வாயைத் திறந்து சொல்லாது. கரண்ட் இல்லாதபோது கடிகாரத்தை ஓட்டுகிற, மதர்போர்டில் இருக்கிற சிஆர்2032 பேட்டரி எப்போதோ செத்துவிட்டது, ஆனால் பிளக்கில் கரண்ட் இருந்தவரை யாருக்கும் தெரியவில்லை, லோட் ஷெட்டிங் வந்ததும் ஒவ்வொரு தடவையும் கடிகாரம் பழைய தேதிக்கு ஓடிவிட்டது. விண்டோஸ் தானாகத் திருத்தாதா என்றால், டொமைனில் இல்லாத மெஷினில் 15 மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போயிருந்தால் அது சும்மா இருந்துவிடும்.

சரி, ஆறு பேட்டரி வாங்கி மாற்றி, தேதியைத் திருத்தி, அட்மினாக கமாண்ட் பிராம்ப்ட் திறந்து உடனே ஆக்டிவேட் செய்யச் சொல்லும் எஸ்எல்எம்ஜிஆர் ஸ்லாஷ் ஏடிஓ அடித்தேன். ஐந்து உடனே ஆனது. இனி 7 நாளுக்கு ஒருமுறை தானே புதுப்பித்துக்கொள்ளும், சர்வர் கிடைக்காவிட்டாலும் 180 நாள் தாங்கும்.

ஆறாவது மட்டும் அடம்பிடித்தது. மணி சரி, தேதி சரி. அப்புறம் பார்த்தால் டைம்ஸோன் அமெரிக்காவின் பசிபிக்கில் நிற்கிறது, யாரோ மணியை மட்டும் கையால் நம் ஊர் நேரத்துக்குத் திருப்பிவைத்திருக்கிறார்கள். சர்வர் ஒப்பிடுவது யூடிசி என்கிற உலகப் பொது நேரத்தை, திரையில் தெரிகிற மணியை அல்ல. ஹராரே, பிரிட்டோரியா என்று இருக்கிற ஸோனைத் தேர்ந்தெடுத்து மறுபடி மணியை வைத்தேன், அதுவும் ஆனது. பன்னி சாவ் ஆறிப்போயிருந்தது.