வாணியாறு: மலைச்சரிவு முதல் கலிங்கல் வரை

அவையோர்க்கு வணக்கம்.

சேர்வராயன் மலையில் பெய்கிற மழை இரண்டாகப் பிரிகிறது. தெற்கே இறங்குவது திருமணிமுத்தாறாகிக் காவிரிக்குப் போகிறது. வடக்கே இறங்குவது நம்முடைய வாணியாறு. தருமபுரி மாவட்டத்தின் பாப்பிரெட்டிப்பட்டிக்கு மேலே முள்ளிக்காட்டு அணையில் தங்கி, அரூர்ப் பக்கம் வந்து, தென்பெண்ணையில் கலந்து, கடலூர் அருகே கடலைச் சேர்கிறது.

இந்த மண்ணுக்கு அடியில் கடினப்பாறை. சிதைந்த மேற்பாறையிலும் வெடிப்புகளிலும் மட்டுமே நீர் தங்கும். அதனால்தான் மழை நின்ற சில வாரங்களில் ஓடையும் வற்றுகிறது, கிணறும் இறங்குகிறது. ஏரி இல்லாமல் இங்கே நஞ்சை இல்லை. ஏரிகள் வருவதற்கு முன்பு இது மாடுகளின் நாடு. ஆநிரைப் பூசலில், அதாவது மாடு கவரும் சண்டையில், மாண்டவர்களுக்கு எடுத்த நடுகற்கள் இந்த வட்டாரத்தில் நிறைய உண்டு, இருளப்பட்டியில் பல்லவர் காலத்தவையே இருக்கின்றன.

ஏரியைத் தூர்வாரக் கிளம்புகிற இளைஞர்களிடம் ஒன்று கேட்கிறேன்: முதலில் வரத்துக்கால்வாயில் எவ்வளவு நீர் வருகிறது என்று அளந்தீர்களா? கஷ்டமில்லை. வளைவில்லாத இடத்தில் 10 மீட்டருக்குக் கயிறு பிடியுங்கள். கால்வாயின் குறுக்கே ஐந்தாறு இடத்தில் ஆழம் பார்த்துச் சராசரி எடுங்கள். எலுமிச்சம்பழத்தை மிதக்க விட்டு நேரம் குறியுங்கள். தெர்மாகோல் வேண்டாம், காற்று தள்ளிவிடும். அகலம் 2 மீட்டர், ஆழம் 20 சென்டிமீட்டர், பழம் வந்து சேர 20 விநாடி என்றால் வேகம் விநாடிக்கு அரை மீட்டர். அதை 0.85ஆல் பெருக்க வேண்டும், ஏனென்றால் அடிநீரும் கரையோர நீரும் உராய்ந்து மெதுவாகத்தான் வரும். வந்ததை அகலத்தாலும் ஆழத்தாலும் பெருக்கினால் விநாடிக்கு 170 லிட்டர். மேலே ஓரிடத்திலும் ஏரி வாயிலும் அளந்தால், வழியில் எங்கே நீர் தொலைகிறது என்பது அன்றைக்கே தெரிந்துவிடும். பெரும்பாலும் சீமைக்கருவேலம், இல்லையேல் பாதை போட உள்ளே தள்ளிய மண்.

கால்வாய் சரியான பிறகே ஏரிக்குள் மண்வெட்டி இறங்கலாம். மதகின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டுகிற ஒவ்வோர் அடியும் வயலுக்கு வராத நீர்; கிணறுகளுக்கு ஊறும், மாடு குடிக்கும், அவ்வளவுதான். கரையின் அடிவாரத்தில் தோண்டவே கூடாது, கரை சரிந்துவிடும்.

ஏரி நிரம்பியதும் மிகுநீர் வழிகிற கலிங்கலை ஓர் அடி உயர்த்தினால் என்ன என்று எல்லா ஊரிலும் கேட்கிறார்கள். மேல்புறத்துப் பட்டா நிலம் மூழ்கும். கலிங்கலுக்கும் கரை உச்சிக்கும் உள்ள இடைவெளி குறையும். ஐப்பசியில் ஒரே இரவில் கொட்டுகிற மழைக்கு அந்த இடைவெளி போதாது. மண்கரையின் மேல் நீர் வழியத் தொடங்கினால் சில மணி நேரத்தில் கரை அறுத்துக்கொண்டு போகும், அந்த வெள்ளம் அடுத்த ஊர் ஏரியையும் உடைக்கும்.