பேச்சுவார்த்தையால் நீதிமன்றம் திருந்துமா? துருக்கி பற்றிய கேள்விக்கு விளக்கம்

வணக்கம். துருக்கிக்கும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் உள்ள உறவைப் பற்றிச் சென்ற பகுதியில் பேசியிருந்தேன். அதைப் பார்த்த நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "மனித உரிமை, நீதித்துறைச் சீர்திருத்தம் என்று இரு தரப்பும் இருபத்தைந்து ஆண்டுகளாகப் பேசிக்கொண்டே இருக்கின்றன. கைகுலுக்குகிறார்கள், அறிக்கை விடுகிறார்கள். சிறையில் இருப்பவர் சிறையிலேயே கிடக்கிறார். இது வெறும் கண்துடைப்புதானே ஐயா?"

அவருடைய கோபம் நியாயமானது. ஆனால் "வெறும் கண்துடைப்பு" என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இதே பேச்சு ஒரு காலத்தில் அந்த நாட்டின் சட்டப் புத்தகத்திலிருந்து தூக்குத் தண்டனையையே எடுக்க வைத்திருக்கிறது. அது அன்று ஏன் பலித்தது, பிறகு ஏன் பலிக்கவில்லை என்று பார்த்தால் உங்கள் கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.

1999ஆம் ஆண்டு ஜூன் மாதத்துக்குப் போவோம். துருக்கியின் இம்ராலி தீவில், அந்நாட்டின் சிறுபான்மை இனமான குர்து மக்களின் ஆயுத இயக்கத் தலைவர் அப்துல்லா ஒஜலான் மீது விசாரணை நடக்கிறது. விசாரிப்பது அரசுப் பாதுகாப்பு நீதிமன்றம். மூன்று நீதிபதிகளில் ஒருவர் பணியில் இருக்கும் ராணுவ அதிகாரி. ராணுவத்தோடு போரிட்டவரை விசாரிக்கும் இடத்தில் ராணுவமும் உட்கார்ந்திருக்கிறது. இப்படி அமைந்த நீதிமன்றத்தைச் சுதந்திரமானது என்று ஏற்க முடியாது என, ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் உள்ள, துருக்கியும் கட்டுப்பட்ட ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அதற்கு முந்தைய ஆண்டே வேறொரு வழக்கில் தீர்ப்பு சொல்லியிருந்தது. விசாரணை நடந்துகொண்டிருக்கும்போதே துருக்கி நாடாளுமன்றம் அரசியல் சட்டத்தைத் திருத்தியது. ராணுவ நீதிபதி எழுந்து போனார், அந்த இடத்தில் சிவில் நீதிபதி அமர்ந்தார். ஆனாலும் ஜூன் 29 அன்று ஒஜலானுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது.

அந்த டிசம்பரில் ஹெல்சின்கி மாநாட்டில் ஐரோப்பிய ஒன்றியம் துருக்கியை உறுப்பினராவதற்கான வேட்பாளர் நாடாக ஏற்றுக்கொண்டது. அதற்கு அடுத்த மாதமே, ஸ்ட்ராஸ்பூர்க் நீதிமன்றம் முடிவு சொல்லும்வரை தூக்கை நிறுத்திவைப்பது என்று துருக்கியின் கூட்டணி அரசு தீர்மானித்தது. அந்தக் கூட்டணியில், ஒஜலானைத் தூக்கில் போட்டே ஆக வேண்டும் என்று தேர்தலில் முழங்கிய கட்சியும் இருந்தது. 2002 ஆகஸ்டில் போர்க்காலம் தவிர்த்த மற்ற குற்றங்களுக்கு மரண தண்டனை ஒழிக்கப்பட்டது. 2004இல் அது முற்றாகவே போனது. ஒஜலான் செய்தது சரியா தவறா என்பது வேறு விவாதம். நாடே கொதித்துக்கொண்டிருந்த நேரத்தில் ஓர் அரசு தன் கையைத் தானே கட்டிக்கொண்டது என்பதைத்தான் இங்கே கவனிக்க வேண்டும்.

எனக்கு இன்னும் நெருக்கமானது லெய்லா ஸானாவின் கதை. துருக்கி நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் குர்துப் பெண் அவர். 1991இல் பதவியேற்றபோது உறுதிமொழியைத் துருக்கி மொழியில் படித்துவிட்டு, இரு மக்களின் சகோதரத்துவத்தைப் பற்றிக் குர்து மொழியில் ஒரு வாக்கியம் சேர்த்துச் சொன்னார். அவையில் கூச்சல் எழுந்தது. 1994இல் கைது, பதினைந்து ஆண்டுச் சிறை. அந்த விசாரணை நியாயமாக நடக்கவில்லை என்று 2001இல் ஸ்ட்ராஸ்பூர்க் சொன்னது. அப்படி ஒரு தீர்ப்பு வந்தால் உள்நாட்டில் மறுவிசாரணை நடத்தலாம் என்று புதிய சீர்திருத்தச் சட்டம் வழி திறந்தது. மறுவிசாரணை நடந்தது, 2004 ஏப்ரலில் பழைய தண்டனையே திரும்பவும் விதிக்கப்பட்டது! சட்டம் மாறிவிட்டது, அதைப் பயன்படுத்த வேண்டிய நீதிபதியின் மனம் மாறவில்லை. பிறகு மேல்முறையீட்டு நீதிமன்றம் தலையிட்டு, ஜூன் 9 அன்று அவரும் உடனிருந்த மூவரும் வெளியே வந்தார்கள். அதே நாளில்தான் துருக்கியின் அரசுத் தொலைக்காட்சி முதல்முறையாகக் குர்து மொழியில் ஒளிபரப்பியது. எந்த மொழியில் ஒரு வாக்கியம் பேசியது பத்தாண்டுச் சிறைவாசத்தின் தொடக்கமாக அமைந்ததோ, அந்த மொழியை அன்று அரசே பேசியது.

இவையெல்லாம் அந்த ஐந்தே ஆண்டுகளில் எப்படி நடந்தன? ஐரோப்பா கையில் துருக்கி உண்மையாகவே விரும்பிய ஒன்று இருந்தது, உறுப்பினர் தகுதி. அதற்கான நிபந்தனைகள் எழுத்தில் இருந்தன. 2004 டிசம்பரில் முடிவெடுப்போம் என்று நாளும் குறிக்கப்பட்டிருந்தது. ஆனால் இவற்றைவிட முக்கியமானதாக நான் நினைப்பது, சீர்திருத்தத்தால் பயன்பெறக் கூடியவர்கள் உள்நாட்டில் ஆட்சிக்கு வந்தார்கள் என்பது. 2002இல் ஆட்சியைப் பிடித்த, இன்றைய அதிபர் எர்டோகனின் கட்சியினர் அன்று நீதிமன்றத்தைக் கண்டு அஞ்சியவர்கள். அவர்கள் முன்பு இருந்த கட்சிகளை அரசியல் சட்ட நீதிமன்றம் 1998இலும் 2001இலும் தடை செய்திருந்தது. எர்டோகனே ஒரு மேடையில் கவிதை படித்ததற்காக 1999இல் சிறையில் இருந்தவர். ராணுவத்தையும் பழைய நீதித்துறையையும் அடக்க அவர்களுக்கு ஐரோப்பிய நிபந்தனைகள் தேவைப்பட்டன. வெளியிலிருந்து வரும் அழுத்தம் உள்ளே ஒருவருடைய தேவையோடு சேரும்போதுதான் வேலை செய்கிறது.

சரி, பிறகு என்ன ஆயிற்று? 2005 அக்டோபர் 3 அன்று உறுப்பினர் பேச்சுவார்த்தை முறைப்படி தொடங்கியது. பேச வேண்டிய துறைகளை மொத்தம் 35 அத்தியாயங்களாகப் பிரித்திருந்தார்கள். அதில் 23ஆவது அத்தியாயம்தான் நீதித்துறையும் அடிப்படை உரிமைகளும். இங்கே ஒரு கசப்பான உண்மையைச் சொல்ல வேண்டும். அந்த 23ஆவது அத்தியாயம் இன்றுவரை திறக்கப்படவே இல்லை. அதைத் தடுத்தது ஐரோப்பியத் தரப்பு. ஒன்றியத்தின் உறுப்பு நாடும் துருக்கியோடு தீராத தகராறு உள்ளதுமான சைப்ரஸ், 2009இல் அதையும் சேர்த்து ஆறு அத்தியாயங்களுக்குக் குறுக்கே நின்றது. பிரான்ஸ் வேறு சில அத்தியாயங்களைத் தடுத்தது. நீதித்துறையைச் சீர்திருத்து என்று ஒரு நாட்டிடம் ஓயாமல் சொல்வார்கள், அதைப் பற்றி முறையாகப் பேச வேண்டிய மேசையை மட்டும் போட மாட்டார்கள். சைப்ரஸின் மனக்குறைக்குக் காரணம் உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் இதன் விலையைக் கொடுத்தவர்கள் துருக்கியின் சிறைகளில் இருப்பவர்கள்.

உறுப்பினராகும் நம்பிக்கை மங்கியதும் சீர்திருத்தத்தின் ருசியும் போய்விட்டது. அதற்குள் ஆளுங்கட்சிக்கு நீதிமன்றத்தைப் பார்த்துப் பயமும் போய்விட்டது. 2016 ஜூலை 15 இரவு ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி நடந்தது. மறுநாளே 2,700க்கும் மேற்பட்ட நீதிபதிகளும் அரசு வழக்கறிஞர்களும் பணியிலிருந்து நிறுத்தப்பட்டார்கள். அவ்வளவு பேரையும் ஓர் இரவில் விசாரித்திருக்க முடியுமா? பட்டியல் முன்பே தயாராக இருந்திருக்க வேண்டும் என்றுதான் நான் நினைக்கிறேன். அரசியல் சட்டத்தைத் திருத்த 2017இல் நடந்த வாக்கெடுப்புக்குப் பிறகு, நீதிபதிகளை நியமித்து மாற்றல் செய்யும் மன்றத்தின் 13 இடங்களில் நான்கு பேரை அதிபர் நேரடியாக நியமிக்கிறார். நீதி அமைச்சரும் அவருடைய துணை அதிகாரியும் பதவிவழி உறுப்பினர்கள். மீதி ஏழு பேர் நாடாளுமன்றத்தின் தேர்வு. நீதிபதிகள் தாமே தேர்ந்தெடுக்கும் இடம் ஒன்றுகூட இல்லை. தீர்ப்பு பிடிக்கவில்லை என்றால் மாற்றல் உத்தரவு வரும் என்று தெரிந்த நீதிபதி எப்படித் துணிந்து எழுதுவார்?

அதே 2016 மார்ச்சில் அகதிகள் ஒப்பந்தம் வந்தது. சிரிய அகதிகளைத் துருக்கி தன் மண்ணில் வைத்துக்கொள்ள வேண்டும், ஐரோப்பா முதலில் 300 கோடி யூரோ, பிறகு இன்னொரு 300 கோடி தர வேண்டும். அன்றிலிருந்து கேட்பவர் யார், கொடுப்பவர் யார் என்பதே மாறிவிட்டது. துருக்கியர்களுக்கு விசா விலக்கு தருவதாகவும் அதில் பேச்சு இருந்தது. அதற்கான 72 நிபந்தனைகளில் பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தைத் திருத்துவதும் ஒன்று. துருக்கி மறுத்துவிட்டது.

"சிறையில் இருப்பவர் சிறையிலேயே கிடக்கிறார்" என்றார் நேயர். எப்போதும் அப்படி அல்ல, வெளியே வந்தவர்களும் உண்டு. அமெரிக்கப் பாதிரியார் ஆண்ட்ரூ பிரன்சன் 2016இல் கைதானார். 2018 ஆகஸ்டில் அமெரிக்கா துருக்கியின் இரண்டு அமைச்சர்கள் மீது தடை விதித்தது, எஃகுக்கும் அலுமினியத்துக்கும் வரியை இரட்டிப்பாக்கியது, துருக்கியின் நாணயமான லிரா சரிந்தது. அக்டோபரில் சாட்சிகள் வாக்குமூலத்தை மாற்றினார்கள். நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்று சொல்லிவிட்டு, இருந்த சிறைக்காலம் போதும் என்று அனுப்பிவைத்தது. ஒருவர் வீடு திரும்பியதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் இதை நீதித்துறைச் சீர்திருத்தத்தின் வெற்றி என்று கொண்டாடாதீர்கள். அழுத்தத்துக்குப் பணிந்து விடுவிக்கும் நீதிமன்றம், அழுத்தத்துக்குப் பணிந்து அடைக்கவும் செய்யும். பின்னால் பெரிய நாடு இல்லாத துருக்கிக் குடிமகனுக்கு அங்கே என்ன கிடைக்கும்?

ஒஸ்மான் கவாலாவைப் பாருங்கள். தொழிலதிபர், பண்பாட்டு அமைப்பு நடத்தியவர். 2017 அக்டோபரில் கைது. அரசியல் உள்நோக்கத்தோடு பிடித்து வைத்திருக்கிறீர்கள், உடனே விடுங்கள் என்று 2019 டிசம்பரில் ஸ்ட்ராஸ்பூர்க் தீர்ப்பளித்தது. 2020 பிப்ரவரி 18 அன்று உள்நாட்டு நீதிமன்றமே அவரை விடுதலை செய்தது. வாசலில் வரவேற்கக் காத்திருந்தார்கள். வெளியே வருவதற்குள் வேறு குற்றச்சாட்டில் மீண்டும் பிடித்துக்கொண்டார்கள். 2021 அக்டோபரில் அமெரிக்கா, ஜெர்மனி, பிரான்ஸ் உட்பட பத்து நாடுகளின் தூதர்கள் சேர்ந்து அவரை விடுவிக்கச் சொல்லி அறிக்கை விட்டார்கள். பத்துப் பேரையும் நாட்டை விட்டு அனுப்பிவிடுவேன் என்றார் எர்டோகன். சில நாட்களில், உள்நாட்டு விவகாரத்தில் தலையிடக் கூடாது என்ற வியன்னா உடன்படிக்கையின் 41ஆவது பிரிவை மதிக்கிறோம் என்று தூதரகங்கள் குறிப்பு வெளியிட்டன. அடுத்த ஏப்ரலில் கவாலாவுக்குக் கடும் ஆயுள் தண்டனை. நெம்புகோல் கையில் இல்லாத அறிக்கைக்கு அவ்வளவுதான் மதிப்பு.

அப்படியானால் பேச்சையே நிறுத்திவிடலாமா என்று கேட்டால், கூடாது என்பேன். 2004இல் இதே பேச்சின் விளைவாக அரசியல் சட்டத்தின் 90ஆவது பிரிவில் ஒரு வரி சேர்ந்தது. உள்நாட்டுச் சட்டமும் மனித உரிமை உடன்படிக்கையும் மோதினால் உடன்படிக்கையே மேல் என்பது அந்த வரி. துருக்கி வழக்கறிஞர்கள் இன்றும் அதைத்தான் நீதிமன்றத்தில் எடுத்துவைக்கிறார்கள். சிறையிலிருந்தே நாடாளுமன்றத் தேர்தலில் வென்ற வழக்கறிஞர் ஜான் அதலாயை விடுவிக்கும்படி 2023இல் அரசியல் சட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்க மறுத்ததோடு, தீர்ப்பு எழுதிய நீதிபதிகள் மீதே குற்றப் புகார் கொடுத்தது. அதலாய் வெளியே வரவில்லை. ஆனாலும் அப்படி எழுதத் துணிந்த நீதிபதிகள் அந்த நாட்டில் இருக்கிறார்கள். அவர்கள் கையில் பிடிப்பதற்கு அந்த ஒரு வரியாவது இருக்கிறது.

ஆகவே நேயருக்கு நான் சொல்வது இது. அடுத்த முறை துருக்கி பற்றிய கூட்டறிக்கை வந்தால், "ஆக்கபூர்வமான உரையாடல்", "செயல்திட்டம்" போன்ற சொற்களைத் தாண்டிப் படியுங்கள். 2021 மார்ச் தொடக்கத்தில் எர்டோகன் மனித உரிமைச் செயல்திட்டத்தை அறிவித்தார். அதே மாதம் 20ஆம் தேதி, பெண்கள் மீதான வன்முறைக்கு எதிரான இஸ்தான்புல் உடன்படிக்கையிலிருந்து துருக்கி வெளியேறுவதாக அதிபர் ஆணை வந்தது. அறிக்கையில் கவாலா தீர்ப்பை நிறைவேற்றத் தேதி குறித்திருக்கிறார்களா, நீதிபதிகள் மன்றத்தின் 13 இடங்களை யார் நிரப்புவது என்பதில் மாற்றம் உண்டா, இந்த இரண்டை மட்டும் தேடிப் பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் கண்துடைப்பு என்று நீங்கள் எழுதுங்கள், நானும் உங்களோடு சேர்ந்து எழுதுகிறேன்.