காந்திபுரத்துக் கடையும் கொழிஞ்சாம்பாறைக் காதும்

நேயர்களுக்கு வணக்கம்.

ஆடி மாதம் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைக் கடைவீதியில் ரேடியோவைத் திருப்பினால், கோவை காந்திபுரம் கிராஸ்கட் ரோட்டுத் தள்ளுபடிதான் காதில் விழும். கொழிஞ்சாம்பாறை இருக்கும் சித்தூர் தாலுகாத் தமிழருக்கு வர்த்தக வானொலி என்றால் வெளியூர்க்காரர் காசில் ஓடுகிற பாட்டு. அன்றும் அப்படித்தான், இன்றும் அப்படித்தான்.

முதலில் அந்த வெளியூர் கொழும்பு. ரேடியோ சிலோனின் வர்த்தக சேவை 1950இல் தொடங்கியது. 1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சர் கேஸ்கர் காலத்தில் அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டை ஒதுக்கியதும், நேயர்கள் அந்தப் பக்கம் திரும்பினார்கள். விளம்பரதாரரும் பின்னாலேயே போனார்கள். 1957இல் அகில இந்திய வானொலியின் பொழுதுபோக்குச் சேவையான விவித்பாரதி வந்தது. அதில் விளம்பரம் சேர இன்னும் பத்து வருஷம் ஆனது: 1967, அதுவும் பம்பாய்ப் பக்கத்தில்தான் முதலில். கோவை வானொலி நிலையம் தொடங்கியது 1966இல்.

தனியாருக்கு வழி திறந்தது 1995இல். அலைவரிசை பொதுச்சொத்து, அரசின் ஏகபோகம் அல்ல என்றது உச்ச நீதிமன்றம். அடுத்து வந்த எஃப்.எம். உரிம ஏலத்தில் கோவைக்கும் இடம் கிடைத்தது; சூரியன் எஃப்.எம். அப்படி வந்ததுதான். முதல் கட்ட உரிமத்தில் ஒரு கோளாறு இருந்தது. கட்டணம் ஆண்டுக்கு 15 சதவீதம் ஏறிக்கொண்டே போகும். விளம்பர வரவு அப்படி ஏறாது. ஏலம் எடுத்தவர்கள் பலர் நிலையத்தைத் தொடங்காமலே கழன்றுகொண்டார்கள். 2005இல் ஒருமுறை நுழைவுக் கட்டணம், பிறகு மொத்த வருமானத்தில் 4 சதவீதம் என்று மாற்றியபிறகே தொழில் மூச்சு விட்டது. மிர்ச்சி, ஹலோ, ரேடியோ சிட்டி எல்லாம் அதற்குப்பின் கோவைக்கு வந்தவை.

கவனிக்க வேண்டியது, உரிமம் ஊர் பெயரில்தான் எழுதப்படுகிறது. விளம்பரத்தைப் பத்து விநாடிக் கணக்கில் விற்கிறார்கள். அந்த விலை கோவை மாநகரத்துக் கூட்டத்துக்கான விலை. காந்திபுரத்து ஜவுளிக்கடைக்குக் கொழிஞ்சாம்பாறை வாடிக்கையாளர் இனாம். கொழிஞ்சாம்பாறை மளிகைக்கடைக்காரர் அதே பத்து விநாடியை வாங்கினால், தன் கடைக்கு ஒருநாளும் வராத லட்சக்கணக்கான காதுகளுக்கும் சேர்த்துக் காசு கொடுக்க வேண்டும். அவர் ஆட்டோவில் மைக் கட்டுவதில் தப்பில்லை.

சரி, அலை இவ்வளவு தூரம் எப்படி வருகிறது? எஃப்.எம். ஏறக்குறைய பார்வைக்கோட்டில் போகும். 100 மீட்டர் கோபுரத்திலிருந்து 9 மீட்டர் உயரக் கூரை ஏரியலுக்குக் கணக்குப்படி சுமார் 53 கிலோமீட்டர். கோவை கடல் மட்டத்துக்கு மேல் 400 மீட்டர், பாலக்காடு 100க்கும் கீழே. நடுவில் நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் இடையே கணவாய் திறந்து கிடக்கிறது. காற்று வருகிற வழியிலேயே பாட்டும் வருகிறது. தென்மலை அடிவாரத்தில் மட்டும், மலை மடிப்புக்குள் ஒளிந்த வீடுகளுக்கு ஒன்றும் கிடைக்காது.

விட்டுவிட்டுக் கேட்கிறதென்றால் ஓர் ஏரியல் கட்டலாம். அலுமினியக் குழாய் இரண்டு, ஒவ்வொன்றும் 72 செ.மீ. ஒரே நேர்க்கோட்டில், நடுவில் இரண்டு செ.மீ. இடைவெளி விட்டு, பிளாஸ்டிக் குழாயில் பொருத்துங்கள். மரமென்றால் மழையில் ஊறி, அதன் வழியே சிக்னல் கசியும். டிஷ் டிவிக்கு இழுக்கும் கேபிளே போதும். கேபிளின் உள்கம்பி ஒரு குழாய்க்கு, அதைச் சுற்றியுள்ள கம்பிவலை மற்றதற்கு. வலையின் ஒரு இழை உள்கம்பியைத் தொட்டாலும் போச்சு. பெரும்பாலும் கெடுகிற இடம் அதுதான். குழாயின் முனை கோவையைப் பார்க்கக் கூடாது, நீளவாட்டுப் பக்கம் பார்க்க வேண்டும். படுக்கவைத்து எடுக்கவில்லையென்றால் செங்குத்தாக நிறுத்திப் பாருங்கள், சில நிலையங்கள் அப்படித்தான் கிடைக்கும்.

அப்புறமும் 'ஸ்ஸ்' என்று இரைந்தால், ஏரியலைக் குறை சொல்லும் முன் செட்டில் ஸ்டீரியோவை (இடம், வலம் தனித்தனி ஒலி) மோனோவுக்கு (ஒரே ஒலி) மாற்றுங்கள். ஸ்டீரியோ இரைச்சலில்லாமல் கேட்க இன்னும் பலமான சிக்னல் வேண்டும். மோனோவில் பாட்டின் அகலம் போய்விடும், தள்ளுபடி எத்தனை சதவீதம் என்பது தெளிவாகக் கேட்கும்.