லத்தீனில் ஒரு தே தாரேக்

நேயர்களுக்கு வணக்கம். லத்தீன் படிக்கத் தொடங்கும் மாணவருக்காக ஒரு தமிழ்ச் சிறுகதையை எப்படி லத்தீனாக்குவது என்று பார்ப்போம்.

பினாங்குக்கு லத்தீன் புதிதல்ல. 1808இல் இங்கு இடம்பெயர்ந்த காலேஜ் ஜெனரல் குருமடம் புலாவ் தீக்குஸில் இருந்த காலத்தில், பல நாட்டு மாணவர்களுக்கும் அதுதான் பொது மொழி.

இன்று படிப்பவர்கள் பழைய ரோமப் பேச்சாளர் சிசரோவின் எழுத்தைத் தொட்டதுமே திணறுகிறார்கள். அதனால்தான் புதிய கதைகளை லத்தீனாக்கிக் கொடுக்கிறார்கள். அலெக்சாண்டர் லெனார்ட் லத்தீனாக்கிய 'வின்னி த பூ' என்ற ஆங்கிலக் கரடிக் கதை 1960இல் நியூயார்க் டைம்ஸின் அதிகம் விற்கும் நூல்கள் பட்டியலிலேயே ஏறியது. ரசிக்க அருமையான நூல். ஆனால் தொடக்க மாணவருக்கு அது கடினம்.

அவருக்கென்றால், உரையாடல் நிறைந்த தமிழ்ச் சிறுகதையில் 2 பக்கம் எடுங்கள். பக்கத்துக்குப் புதுச்சொல் 5 போதும். ஒவ்வொன்றும் 3 முறையாவது வரட்டும்.

நாம் சறுக்கும் இடம் வினையெச்சம். "எழுந்து, குளித்து, சாப்பிட்டுக் கிளம்பினான்" என்பதில் 'எழுந்து' என்பதற்கு 'சுர்கென்ஸ்' என்று போட்டால், 'எழுந்துகொண்டே' என்று பொருள் மாறிவிடும். செய்து முடித்ததைச் சொல்லும் செய்வினை எச்சம், ஒருசில வினைகளைத் தவிர, லத்தீனில் கிடையாது. எழுந்தான், குளித்தான், சாப்பிட்டான், கிளம்பினான் என்று நான்கு முற்றுகளாக உடைத்துவிடுங்கள்.

ஓரிடத்தில் தமிழ் கைகொடுக்கிறது. "தான் வந்ததாகச் சொன்னான்" என்பது 'தீக்ஸிட் ஸே வேனிஸ்ஸே'. வந்தது வேறொருவன் என்றால் 'ஸே' போய் 'எயும்' வரும். ஆங்கிலம் வழியாகப் படிப்பவர் குழம்பும் இந்த வேறுபாடு நமக்குத் 'தான்', 'அவன்' என்று பழகியதுதான். ஆனால் 'ஸே', 'எயும்' இரண்டுமே இரண்டாம் வேற்றுமை வடிவம்; அதை மறக்கக்கூடாது. நாம், நாங்கள் இரண்டுக்கும் 'நோஸ்' ஒன்றுதான். மலாயில்கூட கீத்தா, காமி என்று பிரிவு உண்டு, ரோமருக்கு இல்லை! கேட்பவரையும் சேர்ப்பதானால் 'நோஸ் ஓம்னேஸ்', நாம் எல்லாரும், என்று எழுதலாம்.

மலாயில் 'இழுத்த தேநீர்' என்று பொருள்படும் தே தாரேக்குக்கு என்ன செய்வது? 'இழுத்த' என்று நேராகப் போட்டால் தேநீரைத் தரையில் இழுத்துப் போனதுபோல் இருக்கும். 'தேயா எக்ஸ் ஆல்டோ ஃபூஸா', அதாவது உயரத்திலிருந்து ஊற்றிய தேநீர், என்றால் படம் தெரியும்.

நெடிலைக் காட்ட உயிரெழுத்தின் மேல் போடும் கோடுகளை விடாதீர்கள். 'மாலும்' ஆப்பிள், 'மலும்' தீமை. முடித்ததும், மூலக்கதை தெரியாத ஒரு மாணவரிடம் கொடுத்துத் தமிழில் திரும்பச் சொல்லச் சொல்லுங்கள். அவர் தடுமாறும் வரியைத் திருத்துங்கள், அவரை அல்ல.