டிரைவர் இல்லாத வண்டியும் கடைசி நாலு கிலோமீட்டரும்

நேயர்களுக்கு வணக்கம்.

டிரைவர் இல்லாமல் தானே ஓடும் சின்ன மின்சார பஸ்களைப் பற்றிப் பேச வேண்டும் என்று வானொலி நிலையத்தார் கேட்டுக்கொண்டார்கள். பஸ் பணிமனையில் தொழில்நுட்பப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். "இந்த வண்டி நம்ம தருமபுரிக்கு வருமா சார்?" என்று ஆட்டோ ஸ்டாண்டிலும் கேட்கிறார்கள், கல்லூரிப் பிள்ளைகளும் கேட்கிறார்கள். வந்தால் நல்லதா, எங்கே நல்லது, எங்கே ஆகாது என்று எனக்குப் பட்டதை இன்று சொல்கிறேன்.

முதலில் வண்டி எப்படி இருக்கும் என்று பார்ப்போம். பிரான்ஸ் நாட்டின் நாவியா கம்பெனி 2015-இல் ஆர்மா என்ற வண்டியை வெளியிட்டது. 15 பேர் போகலாம். 11 பேருக்கு சீட், 4 பேர் நின்றுகொள்ளலாம். ஸ்டியரிங் கிடையாது, டிரைவர் சீட் கிடையாது. வண்டிக்கு முன்பக்கம் பின்பக்கம் என்றும் கிடையாது, இரண்டு திசையிலும் ஓடும். 33 கிலோவாட் மணி பேட்டரி. கூரையிலும் மூலைகளிலும் லைடார் என்ற கருவி இருக்கிறது. அது லேசர் ஒளியை நாலா பக்கமும் வீசி, பட்டுத் திரும்பும் நேரத்தைக் கணக்கிட்டு எதிரே என்ன இருக்கிறது, எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அளக்கிறது. கூடவே கேமரா, செயற்கைக்கோள் வழிகாட்டி, சக்கரம் சுற்றுவதை எண்ணும் சென்சார்.

புதிய தடத்தில் விடுவதற்கு முன்னால் ஓர் ஆள் அந்த வண்டியைத் தானே இயக்கிப் போய், வழியில் இருக்கும் சுவர், கம்பம், மரம் எல்லாவற்றையும் பதிவு செய்கிறார். அந்தப் பதிவின் மேல் வண்டி போக வேண்டிய கோட்டைப் போடுகிறார்கள். அப்புறம் வண்டி அந்தக் கோட்டிலேயே போகும், வரும். தண்டவாளம் கண்ணுக்குத் தெரியாத ரயில் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் பலமும் அதுதான், பலவீனமும் அதுதான்.

சுவிட்சர்லாந்தில் சியோன் என்று ஒரு சிறிய நகரம். அங்கே அஞ்சல் துறையின் பஸ் நிறுவனம் 2016 ஜூனில் இரண்டு ஆர்மா வண்டிகளைப் பழைய ஊரின் குறுகிய தெருக்களில் விட்டது. வேகம் மணிக்கு 20 கிலோமீட்டர்தான். வழியில் ஒரு வேன் நின்று சரக்கு இறக்கினால் வண்டியும் நின்றுவிடும். உள்ளே இருக்கும் உதவியாளர்தான் கையில் இருக்கும் கட்டுப்பாட்டுக் கருவியால் அதை நகர்த்திச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். ஆமாம், டிரைவர் இல்லாத வண்டி என்றாலும் உள்ளே ஓர் ஆள் இருந்தார். உலகத்தில் இப்படி ஓடிய வண்டிகளில் மிகப் பெரும்பாலானவற்றில் அப்படி ஒருவர் இருந்தே இருக்கிறார்.

இப்போது நம் ஊர்ச் சாலையை நினைத்துப் பாருங்கள். அறுவடைக் காலத்தில் ராகிக் கதிரையும் கொள்ளுச் செடியையும் தார் ரோட்டில் பரப்பி வைக்கிறோம். களம் இல்லாத விவசாயி வேறு எங்கே போவார்? போகிற வண்டி ஏறி ஏறித்தான் மணி உதிர்கிறது. டவுன் பஸ் டிரைவர் அதைப் பார்த்ததும் வேகத்தைக் குறைத்து மேலே ஏற்றிப் போய்விடுவார். லைடாருக்கு அது கோட்டின் மேல் கிடக்கும் தடை. நிற்கும். உதவியாளர் இறங்கி வந்து தாண்ட வைக்க வேண்டும். அடுத்த இருநூறு மீட்டரில் அடுத்தவர் கொள்ளு. அதைத் தாண்டினால் ஆட்டு மந்தை. கிருஷ்ணகிரிப் பக்கம் எருது விடும் விழா நாளில் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம்.

நின்றுவிடுவது பாதுகாப்புத்தானே என்று கேட்பீர்கள். எப்போதும் இல்லை. 2017 நவம்பர் 8-ஆம் தேதி அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் ஒரு நாவியா வண்டி மக்களுக்காக ஓடத் தொடங்கியது. முதல் நாளே, ஒரு லாரி சந்துக்குள் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தது. வண்டி அதைச் சரியாகப் பார்த்தது, சரியாக நின்றது. லாரி வந்து மெதுவாக அதன் முன்பக்கத்தில் இடித்தது. நம் டிரைவராக இருந்தால் ஹாரன் அடித்திருப்பார், நாலடி பின்னால் எடுத்திருப்பார். அந்த வண்டிக்கு நிற்க மட்டும்தான் தெரிந்தது. உதவியாளரிடம் கட்டுப்பாட்டுக் கருவி கையில் இல்லை, பெட்டிக்குள் இருந்தது என்று விசாரணையில் தெரிய வந்தது.

இதை நான் தளி, ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி ரோடுகளில் வைத்துப் பார்க்கிறேன். ராகி முற்றும் பருவத்தில் பன்னேர்கட்டா காட்டிலிருந்து யானைகள் அந்தப் பக்கம் வருவது உங்களுக்குத் தெரியும். ரோட்டில் யானை நின்றால் அந்தத் தடத்து டிரைவர் என்ன செய்வார்? தூரத்திலேயே நிறுத்துவார், ஹாரனில் கை வைக்க மாட்டார். யானை முன்னால் வந்தால் சத்தமில்லாமல் பின்னால் எடுப்பார். கூட்டத்தில் குட்டி இருக்கிறதா என்று பார்ப்பார். இது அந்த ரோட்டில் பல வருடம் ஓட்டியவருக்குக் கிடைத்த அறிவு. உள்ளே ஆள் இல்லாமல் விட்டால், வண்டியை ஏதோ ஓர் ஊரிலிருந்து திரையில் கண்காணிப்பவருக்கு அது இருக்காது. அஞ்செட்டி மலைப் பாதையில் போன் சிக்னல் அறுந்தால் அவருக்கு வண்டியே தெரியாது.

உள்ளே உட்கார்ந்திருப்பவர்களின் பாதுகாப்பும் இருக்கிறது. 2020 பிப்ரவரியில் அமெரிக்காவில் கொலம்பஸ் நகரில் ஈஸிமைல் கம்பெனி வண்டி ஒன்று திடீரென்று நின்றது. வேகம் மணிக்குப் பதினொரு கிலோமீட்டர்தான் இருக்கும். அப்படியும் ஒரு பெண் பயணி சீட்டிலிருந்து கீழே விழுந்தார். அதன் பிறகு அந்த நாட்டில் பத்து மாநிலங்களில் அந்தக் கம்பெனி வண்டிகளில் ஆள் ஏற்றுவதை நிறுத்தி வைத்தார்கள். பிரேக் போடுவதில் டிரைவரின் காலுக்கு ஒரு பக்குவம் உண்டு. கர்ப்பிணி ஏறியிருக்கிறார், பாட்டி இன்னும் கம்பியைப் பிடிக்கவில்லை என்று கண்ணாடியில் பார்த்துவிட்டுத்தான் கியர் போடுவார். அந்தக் கண்ணாடிப் பார்வையை நான் பெரிதாக மதிக்கிறேன்.

சரி, அப்படியென்றால் இந்த வண்டி எங்குமே உதவவில்லையா? உதவியிருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு ஜப்பானில் இபராகி மாநிலத்தில் இருக்கும் சகாய் என்ற ஊர். மக்கள் தொகை சுமார் 24,000. ரயில் நிலையம் இல்லை. நம் கிருஷ்ணகிரிக்கும்தான் ரயில் இல்லை. வயதானவர்கள் கார் ஓட்ட முடியாமல் வீட்டிலேயே அடைந்துவிட்டார்கள். அந்த ஊர் நிர்வாகம் 2020 நவம்பரில் மூன்று ஆர்மா வண்டிகளை அன்றாட பஸ்ஸாகவே ஓட்டத் தொடங்கியது. கட்டணம் இல்லை. மருத்துவமனை, தபால் நிலையம், வங்கி, பள்ளி என்று நிறுத்தங்கள். ஊர்க்காரர்கள் ஸ்டாப்பிங்குக்குத் தங்கள் நிலத்தில் இடம் கொடுத்தார்கள். மெதுவாகத்தான் போகும். ஆனாலும் ஏறினார்கள், ஏனென்றால் அது அவர்கள் போக வேண்டிய இடத்துக்குப் போனது. செலவு? மூன்று வண்டிக்கு ஐந்து ஆண்டுக்கு 52 கோடி யென் ஒதுக்கினார்கள். அன்றைய மதிப்பில் 30 கோடி ரூபாய்க்கு மேல். நம் ஊராட்சி ஒன்றியங்களால் நினைத்துப் பார்க்க முடியாத தொகை.

ஜப்பானிலேயே எய்ஹெய்ஜி என்ற ஊரில் கைவிடப்பட்ட பழைய ரயில் தடத்தில் 2023 மே மாதத்திலிருந்து உள்ளே ஆளே இல்லாமல் சின்ன வண்டிகள் ஓடின. வேகம் மணிக்கு 12 கிலோமீட்டர். நெதர்லாந்தில் ராட்டர்டாம் பக்கத்தில் 1999-லேயே இது தொடங்கிவிட்டது. தனிப்பாதை போட்டு, தரையில் காந்தம் பதித்து, மெட்ரோ நிலையத்திலிருந்து அலுவலகப் பகுதிக்கு ஆட்களைக் கொண்டு போகிறார்கள். நம் நாட்டில் ஹைதராபாத் ஐஐடி வளாகத்துக்குள் டிஹான் என்ற ஆராய்ச்சி மையத்தார் தாங்களே உருவாக்கிய வண்டிகளை ஓட்டுகிறார்கள். இவற்றில் ஒரு பொது அம்சம் உண்டு. பாதை தனியானது, அல்லது குறுக்கே வருவது குறைவு.

அந்த வகையில் நம் பக்கத்திலும் சில இடங்கள் உண்டு. ஓசூர் சிப்காட்டில் ஒரே நேரத்தில் ஷிப்ட் மாறும் தொழிற்சாலைகளின் உள்வழிகள், பெரிய மருத்துவமனை வளாகங்கள். கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி ஊரை விட்டு வெளியே போலுப்பள்ளியில் இருக்கிறது. பஸ்ஸை விட்டு இறங்கி வார்டு வரைக்கும் நோயாளி நடக்கும் தூரத்துக்கு இப்படி ஒரு வண்டி உதவும். ஆனால் டவுனிலிருந்து அங்கே போக இது ஆகாது. 20 கிலோமீட்டர் வேக வண்டியை தேசிய நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவில் விடக் கூடாது. தொப்பூர் கணவாயில் நடக்கும் விபத்துகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் யாரும் அதைக் கேட்க மாட்டார்கள். ஒகேனக்கலில் வண்டி நிறுத்துமிடத்திலிருந்து ஆற்றங்கரை வரை தனிப்பாதை போட்டு விடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். சாதாரண நாளில் ஓடும். ஆடிப் பெருக்கன்று கூட்டத்துக்கு நடுவில் அப்படியே நிற்கும்.

சட்டத்தையும் சொல்ல வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் ஓட்டுநரையும் அவருடைய உரிமத்தையும் அடிப்படையாக வைத்து எழுதப்பட்டது. 2019 திருத்தத்தில் ஆராய்ச்சிக்காகச் சில வண்டிகளுக்கு விலக்கு கொடுக்க ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். பொதுச் சாலையில் பயணிகளை ஏற்ற அது போதாது. ஓட்டுநர்களின் வேலை போய்விடும் என்பதால் டிரைவர் இல்லாத கார்களை அனுமதிக்க மாட்டேன் என்று ஒன்றிய அமைச்சர் நிதின் கட்கரி 2023-இல் சொன்னார். லாரி ஓட்டியும் பஸ் ஓட்டியும் குடும்பம் நடத்துகிறவர்கள் நிறைய இருக்கும் மாவட்டம் நம்முடையது. அந்தக் கவலை எனக்கும் உண்டு.

பணிமனைக்காரனாக எனக்கு இன்னொரு கவலை, ஸ்பேர் பார்ட்ஸ். இதே மாதிரி ஒலி என்ற பெயரில் டிரைவர் இல்லாத வண்டியைச் செய்த லோக்கல் மோட்டார்ஸ் கம்பெனி 2022 ஜனவரியில் மூடப்பட்டது. நாவியாவே 2023-இல் கடனில் சிக்கி நீதிமன்றத்தின் மேற்பார்வைக்குப் போய், கை மாறியது. ஒரு பஸ் பன்னிரண்டு, பதினைந்து வருடம் ஓட வேண்டிய பொருள். செய்த கம்பெனி ஐந்து வருடத்தில் காணாமல் போனால் சென்சாருக்கு எங்கே போவது?

இதையெல்லாம் பார்த்த பிறகு நான் சொல்ல வருவது இது. இந்த வண்டியில் மூன்று குணங்கள் சேர்ந்திருக்கின்றன. சின்னது, மின்சாரத்தில் ஓடுவது, டிரைவர் இல்லாதது. முதல் இரண்டும் நமக்கு இன்றைக்கே வேண்டும். மூன்றாவதுக்காக அவற்றைக் காத்திருக்க வைக்கக் கூடாது.

மெயின் ரோட்டிலிருந்து நாலு கிலோமீட்டர் உள்ளே இருக்கும் ஒரு கிராமம். காலையில் ஒரு பெரிய பஸ், சாயங்காலம் ஒன்று. மத்தியானம் விட்டால் எட்டுப் பேர்தான் ஏறுவார்கள். அந்த எட்டுப் பேருக்காகப் பெரிய பஸ்ஸும் டீசலும் டிரைவரும் கண்டக்டரும் கட்டுப்படி ஆகாது என்று அந்த சிங்கிளை, அதாவது அந்த ஒரு நடையை, வெட்டுவார்கள். அந்த எட்டுப் பேரில் ஒருவர் டயாலிசிஸ் முடித்துத் திரும்புகிறவர். ஒருவர் நைட் டூட்டி முடித்த நர்ஸ். இருவர் ஸ்பெஷல் கிளாஸில் மாட்டிக்கொண்ட பிள்ளைகள். நாலு கிலோமீட்டரை வெயிலில் நடக்கிறார்கள், இல்லை ஆட்டோவுக்குக் கேட்டதைக் கொடுக்கிறார்கள். கடைசி பஸ் போய்விடும் என்று பெண் பிள்ளையைக் கல்லூரியிலிருந்தே நிறுத்திய வீடுகளும் உண்டு.

அதே தடத்தில் பன்னிரண்டு சீட் மின்சார வண்டி ஒன்றை மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினால் போக 12 நிமிடம், ஏற இறங்க 3 நிமிடம். போய்த் திரும்ப அரை மணி நேரம். ஒரே வண்டியை வைத்து அரை மணிக்கு ஒரு டிரிப் விடலாம். நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் என்றால் 190 கிலோமீட்டர் சொச்சம் வரும். கூட்டம் குறைந்த நேரத்தில் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம். ஒரு சின்ன விஷயம்: வத்தல்மலை, சித்தேரி மாதிரி மலைத் தடங்களுக்குச் சார்ஜ் போடும் இடத்தை அடிவாரத்தில் வைக்க வேண்டும். இறக்கத்தில் மோட்டாரே பிரேக்காக வேலை செய்து பேட்டரிக்கு மின்சாரத்தைத் திருப்பித் தரும். மலை மேல் முழுச் சார்ஜ் போட்டு இறங்கினால் அந்த மின்சாரத்தை வாங்கப் பேட்டரியில் இடம் இருக்காது, பிரேக் லைனிங் மேல் பாரம் கூடும்.

வண்டியைப் பழுது பார்க்க ஆள் இல்லையா? ஓசூரில் ஏத்தரும் டிவிஎஸ்ஸும், போச்சம்பள்ளியில் ஓலாவும் மின்சார ஸ்கூட்டர் செய்கின்றன. பேட்டரியும் மோட்டாரும் தெரிந்த நம் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். ஓட்ட ஆள் இல்லையா? தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989-இல் முதலில் வேரூன்றியது நம் தருமபுரி மாவட்டத்தில்தான். அந்தக் குழுக்களின் கூட்டமைப்பிடம் இந்த வண்டிகளைக் கொடுத்து, அந்த ஊர்ப் பெண்களையே ஓட்ட வைக்கலாம் என்று நான் முழு மனதோடு நம்புகிறேன். யார் வீட்டில் கர்ப்பிணி இருக்கிறார், எந்தப் பாட்டிக்கு எந்தக் கிழமை மாத்திரை வாங்கும் நாள் என்று அவர்களுக்குத் தெரியும்.

2025 ஜூனில் தமிழ்நாடு அரசு புதிய மினி பஸ் திட்டத்தைத் தொடங்கியது. பஸ் போகாத ஊர்களுக்கான திட்டம் அது, நல்லது. அதே மாதக் கடைசியில் சென்னையில் 120 மின்சார பஸ்கள் ஓடத் தொடங்கின, அதுவும் நல்லது. இரண்டையும் சேர்த்து யோசிக்க வேண்டியது நம் மாதிரி மாவட்டங்களில். 2021-இலிருந்து அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. தனியார் மினி பஸ்ஸில் அந்த வசதி கிடையாது. உள்கிராமத்துப் பெண் நாலு கிலோமீட்டருக்குக் காசு கொடுத்து, மெயின் ரோட்டில் இலவச பஸ் ஏறுவது சரியில்லை. இந்தச் சின்ன வண்டிகளுக்கும் அந்தச் சலுகை வர வேண்டும்.

அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் உங்கள் ஊருக்கு இதைத் தீர்மானமாகக் கொண்டு வாருங்கள். "பஸ் வேண்டும்" என்று மட்டும் எழுதாதீர்கள். மெயின் ரோடு எத்தனை கிலோமீட்டர், இப்போது பஸ் வரும் நேரம் எது, வராத நேரம் எது, அந்த நேரத்தில் யார் யார் எதற்காகப் போகிறார்கள், ரோட்டின் அகலம் என்ன, சார்ஜ் போட மும்முனை மின்சாரம் எந்த இடத்தில் கிடைக்கும் என்று எழுதி மாவட்ட ஆட்சியருக்கு அனுப்புங்கள். ஒரு பிரதியைப் போக்குவரத்துக் கிளை மேலாளருக்கும் கொடுங்கள். மத்தியான நேரத்துப் பயணிகளின் கணக்கை மறக்காமல் சேருங்கள்.

வணக்கம்.